நீதிநூலும் நிறைகோலும்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தேம்பாவணியில் தொடங்கி இரட்சணிய யாத்திரிகத்தில் முடிப்பர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பெயர் அவ்வரிசையில் அரிதாகவே வரும். வந்தாலும் 'திருவருள் மாலை', 'தேவமாதா அந்தாதி' போன்ற பக்தி நூல்களை முன்னிட்டே வரும். 1859இல் வெளிவந்த 'நீதிநூல்' அற இலக்கியம் என்னும் அலமாரிக்குப் போய்விடுகிறது. 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்னும் பட்டத்தோடு மற்றோர் அலமாரியில் அமர்ந்துவிடுகிறது. (தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வேறு, இவர் வேறு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சொல்லவேண்டியிருப்பது தனிக்கதை.)

இப்படிப் பிரித்து வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாவலின் மாந்தர்கள் தொண்டைமண்டல முதலியார் குடும்பத்தினர்; அவர்களுடைய திருமணம், சடங்கு, சாத்திரம் யாவும் இந்து வாழ்க்கையைச் சேர்ந்தவை. கடவுள் என்னும் சொல் அடிக்கடி வருகிறது. கிறிஸ்து என்னும் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. மனமாற்றம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, தேவாலயக் காட்சியும் இல்லை. 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர் தம் சமயத்தைத் தம் கதைக்குள் கொண்டுவரத் தயங்கினார் என்று சிலர் கருதுவர். அவர் எல்லாச் சமயத்துக்கும் பொதுவானவர், ஆதலால் அவரைக் கிறிஸ்தவ எழுத்தாளர் என்பதே குறுகிய பார்வை என்று வேறு சிலர் கருதுவர். இரு சாராரும் ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றனர்: சமயம் என்பது வழிபாட்டிலும் கோட்பாட்டிலும் மட்டுமே வெளிப்படும் என்பது அது. அந்த அடிப்படையே ஆராயத்தக்கது.

விவிலியத்தைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். கடவுளின் தூய்மையைப் பற்றிப் பேசுகின்ற லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமே தராசையும் படிக்கல்லையும் மரக்காலையும் பற்றிப் பேசுகிறது. பையில் ஒரு பெரிய படிக்கல்லும் ஒரு சிறிய படிக்கல்லுமாக இரண்டு வைத்திருப்பவனை உபாகமம் வன்மையாகக் கடிகிறது. ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து, 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று யோவான் ஸ்நானகனைக் கேட்டபோது, அவர் அவர்களைக் காட்டுக்கு வரச் சொல்லவில்லை. தொழிலை விடவும் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வசூலிக்க வேண்டாம், மிரட்டிப் பறிக்க வேண்டாம், கூலியோடு மனநிறைவு கொள்ளுங்கள் என்ற பொருள்படவே விடை தந்தார் என்று லூக்கா எழுதுகிறார். சகேயு என்னும் ஆயக்காரனின் மனமாற்றத்துக்கு அடையாளமாக வந்தது ஒரு துதிப்பாடலன்று, ஒரு கணக்கு: அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவன் சொன்னான். இந்தச் சமயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், அதுவும் நீதிமன்றத்தில் நாள்தோறும் பொய்ச்சாட்சியையும் கைக்கூலியையும் கண்டவர், தம் நம்பிக்கையை எழுத முற்பட்டால் எதை எழுதுவார்? வேதநாயகம் பிள்ளை எழுதியதைத்தான் எழுதுவார் எனல் பொருந்தும்.

1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக்காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின் முன்சீப் பதவி பெற்றார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதிபதியாக இருந்தார். 1889இல் மறைந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்தூர்க் கோவை' பாடினார். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தமைக்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒரு கத்தோலிக்க முன்சீப்பைப் பாடினார் என்பதில், அவ்வூர் மக்கள் அவருடைய சமயத்தை எவ்விடத்தில் கண்டனர் என்பதற்கு விடை இருக்கிறது.

இவ்வரலாற்றில் இலக்கிய நூல்கள் இடம்பெறும் அளவுக்குச் 'சித்தாந்த சங்கிரகம்' இடம்பெறுவதில்லை. 1805 முதல் 1861 வரையிலான உயர்நீதிமன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் தந்த நூல் அது. இதை இலக்கியம் என்று யாரும் படிக்கமாட்டார்கள், படிக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய நேர்மையுணர்ச்சியின் இயல்பை விளக்குவதற்கு இந்நூலே தக்க சான்று. சட்டம் மக்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கும்வரை, இடையில் நிற்கும் ஒவ்வொருவனும் தன் விருப்பம்போல் விலை சொல்லலாம். குமாஸ்தா ஒரு விலை, சேவகன் ஒரு விலை, வக்கீல் ஒரு விலை. ஆகவே கைக்கூலியைக் கண்டித்துப் பாடுவது ஒரு பாதி. கைக்கூலிக்கு இடமளிக்கும் இருட்டை அகற்றுவது மறுபாதி. பாடியவரே மொழிபெயர்த்தார்.

'நீதிநூலி'ல் களவுக்கு ஓர் அதிகாரம், பொய்க்கு ஓர் அதிகாரம், கைக்கூலிக்கு ஓர் அதிகாரம் எனத் தனித்தனியே உள்ளன. முந்தைய நீதிநூல்களை நோக்க, இவற்றுள் கைக்கூலிக்குத் தனி இடம் கொடுத்ததே புதுமை. வள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்லத் தராசைத்தான் உவமையாக எடுத்தார். வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை புகழ்ந்தது. அவை தமிழ் மரபின் செல்வங்கள். எனினும் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியன், மனுவோடு வாசலில் நிற்கும் குடியானவனிடம் கை நீட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கச்சேரிகளில் பெருகிய நோய். அந்நோயைப் பெயர் சொல்லிக் கண்டித்தவர் அக்கச்சேரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒருவர். வெளியிலிருந்து வைதவரல்லர் என்பதே அவ்வதிகாரத்தின் வலிமை. செய்யுள் என்ற முறையில் அவை சிறந்தவை என்று சொல்லுதல் மிகை. உவமைகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒன்று போதும் என்ற இடத்தில் நான்கு வருகின்றன. யாப்பு பிழையின்றி நடக்கிறது, ஆனால் பறக்கவில்லை. கண்டிக்கப்படும் மனிதனின் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்ற உணர்வு மட்டும் இறுதிவரை நீங்காதிருக்கிறது.

அந்த முகம் தெளிவாகத் தெரிவது நாவலில்தான். செய்யுளில் சொன்ன நீதிகளை உரைநடையில் உதாரணங்காட்டி விளக்குவதே தம் நோக்கங்களில் ஒன்று என்று அவரே முன்னுரையில் குறித்திருக்கிறார். இதனாலேயே நாவல் கெட்டது என்பது பலருடைய தீர்ப்பு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது உபதேசம் குறுக்கே வருகிறது. உபதேசம் சூடுபிடிக்கும்போது ஒரு விகடக் கதை குறுக்கே வருகிறது. இக்குறையை மறுப்பதற்கில்லை. ஆயினும் உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, கதை தானாகச் சொல்வதைக் கேட்பவர்க்கு வேறொன்று கிடைக்கிறது.

பிரதாப முதலியின் ஊருக்குச் சத்தியபுரி என்று பெயர். அவ்வூரைவிட்டு எதிர்பாராத வகையில் பிரிந்து, முறையான ஆட்சியில்லாத விக்கிரமபுரிக்கு அவன் வந்து சேர்கிறான். அங்கே அறுந்த பாதரட்சையைத் தைக்கக் கொடுத்து, கூலியைத் தொகையாகப் பேசாமல், உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறான். வேலை முடிந்ததும் எவ்வளவு கொடுத்தாலும் தைத்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வழக்கு நீதிபதியிடம் போகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான். இதை வெறும் நகைச்சுவை என்று கடந்து செல்வது வழக்கம். நகைச்சுவைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு முன்சீப் எழுதிய நகைச்சுவை என்பதை மறக்கலாகாது. உபசாரத்துக்காகச் சொன்ன ஒரு சொல். சொன்னவன் அதற்குப் பொருள் வைக்கவில்லை. கேட்டவனோ அச்சொல்லின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பொருளைக் கொன்றுவிடுகிறான். நீதிபதி எழுத்தையே சட்டமாக்குகிறான். மூவரில் எவனும் வெளிப்படையாகப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அங்கு உண்மை இல்லை. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வதற்கு மேற்பட்டது தீமையிலிருந்து வருவது என்ற மலைப்பிரசங்கத்தின் கருத்தை, பிரசங்கத்தின் வாடையே இல்லாமல், ஒரு செருப்பை வைத்து விளக்கிய இடம் இது. உபதேசம் செய்யும்போது தோற்கும் வேதநாயகர், உபதேசத்தை மறந்து சிரிக்கும்போது வென்றுவிடுகிறார்.

பின்னர் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அந்நாட்டுக்கு அரசனாகிறாள். கணவனை மீட்கிறாள், நீதியைத் திருத்துகிறாள், கைக்கூலி வாங்குவோரைத் தண்டிக்கிறாள். தமிழ் நீதிபதி, தமிழ் வக்கீல், தமிழ்க் கட்சிக்காரர் ஆகியோர் கூடிய சபையில் ஆங்கிலத்தில் வாதம் நடக்கும் அவலத்தைப் பற்றிய கடிந்துரையும் இந்நாவலின் பிற்பகுதியில்தான் வருகிறது. இப்பகுதியை மொழிப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். அது மொழிப்பற்று மட்டுமன்று. தன் உயிரையோ நிலத்தையோ தீர்மானிக்கும் பேச்சு தனக்கே விளங்காமல் நடக்கும்போது கட்சிக்காரன் ஏமாற்றப்படுகிறான். ஏமாற்றுகின்றோம் என்ற எண்ணம் ஏமாற்றுவோர்க்கே இல்லை. நல்லவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் மரியாதையாகச் செய்யும் மோசடியைக் கண்டுபிடிப்பதற்குக் கூர்மையான மனச்சாட்சி வேண்டும். 'சித்தாந்த சங்கிரக'த்தை மொழிபெயர்த்தவரின் மனச்சாட்சி அது.

ஞானாம்பாளின் ஆட்சியில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. நாட்டிலேயே மிக நேர்மையான அரசு, ஒரு வேடத்தின்மேல் நிற்கிறது. மக்கள் தங்கள் அரசனை ஆண் என்று நம்புகின்றனர்; அந்நம்பிக்கையை அவள் திருத்தவில்லை. பொய்யைத் தனி அதிகாரமிட்டுக் கடிந்த ஆசிரியர் இதைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாதது வியப்பே. இறுதியில் அரியணை ஆனந்தவல்லியிடம் சேர்கிறது. எல்லாம் சுபமாக முடிகிறது. அரண்மனையில் இரவில் தனித்திருக்கும் ஞானாம்பாளின் உள்ளத்தில் ஒரு நொடியேனும் ஒரு கேள்வி எழுந்திருந்தால், தமிழ் நாவல் பிறந்தபோதே முதிர்ந்திருக்கும். அக்கேள்வி எழாமைக்குக் காரணம் ஆசிரியரின் கொள்கை. முக்கிய மாந்தர்களைக் குற்றமற்ற நற்பண்புடையோராகவே படைக்கவேண்டும் என்ற ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைத் தாம் பின்பற்றியதாக முன்னுரையில் அவர் சொல்கிறார். ஆகவே அவர் காட்டும் நேர்மையாளர்களுக்கு நேர்மை இயல்பாகக் கிடைத்துவிடுகிறது. அவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லை. கிறிஸ்தவ நோக்கிலும் இது குறையே. மனிதன் விழுந்தவன், எழவேண்டியவன் என்று கூறும் சமயத்தைச் சேர்ந்த ஒருவர், ஒருபோதும் விழாத மனிதர்களைப் படைத்தார். சகேயுவைப் போன்ற ஒருவன் அந்நாவலில் இருந்திருக்கவேண்டும். ஊரார் வெறுக்கும் பணக்காரன், கணக்கில் கைவைத்தவன், ஒருநாள் மரத்தில் ஏறி இறங்கிய பின் தன் பேரேட்டைத் திறந்து உட்காருபவன். அத்தகையவன் இல்லை.

இவ்விடத்தில் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையை நினைப்பது பயன் தரும். அவர் 1827இல் பிறந்து 1900இல் மறைந்தவர். ஏறக்குறைய வேதநாயகரின் வயதினர். 1894இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. பனியனின் கதையில் பயணிகள் ஒரு மாயச் சந்தையை அடைகின்றனர். அங்கே எல்லாம் விற்கப்படுகின்றன. பட்டமும் பதவியும் நாடும் உயிரும் விற்கப்படுகின்றன. பயணிகள் எதையும் வாங்க மறுத்துத் துன்புறுகின்றனர். ஒருவன் அங்கேயே கொல்லப்பட, மற்றவன் சந்தையைக் கடந்து செல்கிறான். பனியனுக்குச் சந்தை கடந்து போகவேண்டிய இடம். கம்பனின் நடையைக் கையாண்ட கிருஷ்ணப் பிள்ளையின் கவித்திறம் வேதநாயகருக்கு இல்லை. அதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆனால் வேதநாயகர் சந்தையிலேயே தங்கிவிட்டவர். அங்குள்ள தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய யாத்திரை. கச்சேரி, கடை, களம், அடுப்படி ஆகியவற்றை விட்டு மோட்சத்துக்கு வேறு பாதை இருப்பதாக அவர் எழுத்தில் ஒரு குறிப்பும் இல்லை. மெய்வருந்தி உழைக்கும் மனிதருக்கு இவ்விரண்டில் எது அண்மையானது என்று கேட்டால் விடை சொல்வது கடினமன்று.

ஆயினும் மலேசியத் தமிழ் வாசகன், குறிப்பாக ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்த வாசகன், வேதநாயகரைப் படிக்கையில் ஓரிடத்தில் இடறியே தீர்வான். பாதரட்சை வழக்கை மீண்டும் பார்க்கலாம். அங்கே சொல்லைத் திரித்தவனாக வருபவன் செருப்புத் தைப்பவன். துன்புறும் உத்தமன் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. சத்தியபுரியின் செல்வர்கள் இயல்பிலேயே நேர்மையாளர்கள். வேலைக்காரர்களும் கீழ்ப்பட்டோரும் கண்காணிக்கப்படவேண்டியவர்கள். நேர்மை மேலிருந்து கீழே எதிர்பார்க்கப்படுகிறது. பஞ்சத்தில் கஞ்சி வார்த்த கையின் ஈரத்தை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அக்கஞ்சியும் மேலிருந்தே வந்தது. அந்தப் பஞ்ச காலத்திலும் அதன் பின்னும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தவர்கள் பெரும்பாலும் அக்கஞ்சிக்கு வரிசையில் நின்ற குலத்தவர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தராசை வேறு பக்கத்திலிருந்து அறிந்தவர்கள்.

ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், சிகாமட் என்று எந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டமாயினும் அக்காட்சி ஒன்றே. விடியுமுன் பிரட்டு, பின் மரம் வெட்டு, வெயில் ஏறியதும் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து வாளிகளைக் காண்டாக் கட்டையில் சுமந்து நிறுவைக்கு வருதல். தராசின் முன் தொழிலாளி. தராசின் பின் கிராணியார். பாலில் தண்ணீர் கலந்தால் நிறை கூடும்; ஆகவே மாதிரி எடுத்து ரப்பரின் அளவைச் சோதிப்பர். தொழிலாளி ஏமாற்றாதிருக்க இத்துணை ஏற்பாடு உண்டு. முள் சரியாக நிற்குமுன் வாளியை இறக்கிவிடும் கையைச் சோதிக்க என்ன ஏற்பாடு இருந்தது? ஓர் இறாத்தல் இங்கே, அரை இறாத்தல் அங்கே; செக்ரோலில் விழும் எண்ணே உண்மை. ஒட்டுப்பாலின் கணக்கும் அவ்வாறே. வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் கூறுவது இந்தத் தராசின் முன் நின்றவர்க்கு விரிவுரை இல்லாமலே விளங்கும். வேதநாயகரின் நீதிநூல் கைக்கூலி வாங்கும் அதிகாரியைக் கண்டது; வாளியைத் தோளில் சுமந்து நின்றவனின் கண்ணால் அவ்வதிகாரியைக் காணவில்லை.

இக்குறை வேதநாயகரோடு முடிந்துவிட்டதா என்பதே கேட்கத்தக்கது. தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் கதைகளில் நிறுவைக் காட்சி வருவதுண்டு. அங்கே கிராணியார் பெரும்பாலும் கொடியவர். தொழிலாளி பெரும்பாலும் அப்பாவி. வரலாற்றின்படி அதற்கு நியாயம் உண்டு. கிறிஸ்தவக் கதைகள் என்று பண்டிகை மலர்களில் வருபவையோ நோய், வேண்டுதல், அற்புதம், கண்ணீர் என்ற நான்கு படிகளில் ஏறி ஆலய மணியோசையில் முடிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய நிலம் தரிசாகக் கிடக்கிறது. தோட்டத்து ஊழியர்களில் ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்றவர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் முள் நிற்கும்வரை காத்திருந்து நிறையை எழுதியவனாக இருந்தால், அவனுடைய திங்கட்கிழமை எப்படி இருந்திருக்கும்? மேலே துரைக்கும் பெரிய கிராணியாருக்கும் கணக்கு மிச்சம் காட்டவேண்டும். பக்கத்துத் தராசுக்காரன் காட்டும் மிச்சத்தை இவன் காட்டவில்லை. ஆகவே இவன் திறமையற்றவன். கீழே தொழிலாளர்களும் இவனை எளிதில் நம்பப்போவதில்லை. அவர்கள் பலமுறை ஏமாந்தவர்கள். வீட்டில் மனைவி, மற்றவர் வீட்டுச் சைக்கிளையும் வானொலிப் பெட்டியையும் காட்டிக் கேட்பாள். அவனுக்கு அற்புதம் எதுவும் நடக்காது. பதவி உயர்வு அடுத்தவனுக்குப் போகும்.

ஜான்சனின் இலக்கணத்துக்கு உட்பட்ட உத்தமனாக அவனை எழுதினால் அவன் மரப்பொம்மையாவான். ஒருநாள், பிள்ளையின் பள்ளிச் செலவுக்காக, அவனும் ஓர் இறாத்தலை விழுங்கியிருக்க வேண்டும். மறுநாள் காலை அதே தொழிலாளி அதே வாளியோடு முன்னே வந்து நிற்கவேண்டும். ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. அவற்றில் வாழ்ந்தோர் மாசாய், பாசிர் கூடாங் போன்ற நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கின்றனர். தராசின் முள் மறைந்து கணினித் திரையில் எண் ஒளிர்கிறது. அவ்வெண்ணை இப்போதும் யாரோ ஒருவர் பதிகின்றார். அவர் தமிழராகவும் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் செல்பவராகவும் இருக்கலாம். அவருடைய சரித்திரத்தை எழுத வருபவர்க்கு மாயூரத்து முன்சீப்பின் பாதரட்சை வழக்கு நல்ல பாடமாகும். அவருடைய முன்னுரை அவ்வளவு நல்ல பாடமாகாது.